அலையை மறிக்கிற சுவரும், வகுப்புக்கு வெளியே நின்ற பையனும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருந்தால் முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் காலையில் உக்கடம் பெரியகுளத்தங்கரையில் நடந்துகொண்டிருந்தேன். குளத்தில் மிதக்கவிட்டிருக்கிற சோலார் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். மாநகராட்சி, ஸ்விட்சர்லாந்து நாட்டு உதவியோடு போட்டது. 154 கிலோவாட். தண்ணீரின் மேலே இருப்பதால் பலகை சூடேறாது, சூடு குறைந்தால் கரண்ட் கொஞ்சம் கூடுதலாக வரும், குளத்துத் தண்ணீரும் ஆவியாவது குறையும். நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல், "சார், நல்லா இருக்கீங்களா?"

பழைய மாணவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவன். இப்போது கணபதி பக்கம் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறான். பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ரெண்டு பேரும் பலகைகளைப் பார்த்துக்கொண்டே பேசினோம். "ஏனுங்க சார், இதையே கடல்ல கொண்டுபோய்ப் போட்டா எடத்துக்குப் பஞ்சமே இல்லையே?" என்றான்.

"அலை அடிச்சா உடைஞ்சு போயிருமேப்பா" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். "இதையேதான் சார் நான் அன்னைக்கு உங்ககிட்டக் கேட்டேன். வெளிய நிக்க வெச்சீங்க."

எனக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. அவன் சொல்லச் சொல்லத்தான் வந்தது. அப்போதெல்லாம் செய்தித்தாளில் வருகிற விஞ்ஞானச் செய்தியை வெட்டி வைத்து வகுப்பில் படித்துக் காட்டுவேன். கேரளாவில் விழிஞ்ஞத்தில் கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள் என்று ஒருநாள் படித்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து இவன் எழுந்து, "சார், அலை அடிச்சா அந்த மெசினே உடைஞ்சு போயிறாதுங்களா?" என்று கேட்டிருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத வாத்தியாருக்குக் கோபம்தான் முதலில் வரும். மணி அடிக்கிற வரைக்கும் அவன் வெளியே நின்றான்.

வீட்டுக்கு வந்த பிறகு மனசு ஒருமாதிரி இருந்தது. ரெண்டு மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். அவன் கேட்டது கிண்டலே இல்லை. அலை மின்சாரத்தின் வரலாறே அந்த ஒரு கேள்விதான். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் தாமதம்.

அலையில் சக்தி இருக்கிறது என்பது கடற்கரையில் கால் நனைத்த யாருக்கும் தெரியும். அதை வேலைக்கு எடுத்தவர்களில் முக்கியமானவர் ஜப்பானைச் சேர்ந்த யோஷியோ மசூதா. கடலில் கப்பல்களுக்கு வழிகாட்டுகிற மிதவை விளக்குகளை அலையைக் கொண்டே எரிய வைத்தார். 1940களில் தொடங்கிய முயற்சி. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் மற்ற நாடுகளும் விழித்துக்கொண்டன. எடின்பரோவில் ஸ்டீபன் சால்ட்டர் என்ற பேராசிரியர் வாத்து மாதிரி தலையாட்டுகிற ஒரு கருவியை வடிவமைத்தார். பெல்ஃபாஸ்ட்டில் ஆலன் வெல்ஸ் என்பவர் ஒரு விசிறியைக் கண்டுபிடித்தார். நம் கதைக்கு முக்கியம் அந்த விசிறிதான்.

கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய கான்கிரீட் பெட்டி. அடிப்பக்கம் கடலுக்குள் திறந்திருக்கும். அலை வரும்போது பெட்டிக்குள் தண்ணீர் ஏறும், மேலே இருக்கிற காற்றை அழுத்தும். அலை இறங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும். மேலே ஒரு துவாரம் வைத்து அதில் விசிறியை மாட்டினால் சுற்றும். சிக்கல் என்னவென்றால் காற்று ஒருதரம் வெளியே போகிறது, மறுதரம் உள்ளே வருகிறது. சாதாரண விசிறி முன்னும் பின்னும் மாறி மாறிச் சுற்றும். வெல்ஸ் செய்த விசிறியின் இதழ் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒரே திசையில்தான் சுற்றும். குறையும் உண்டு. தானாகக் கிளம்பத் திணறும், பெரிய அலை வந்தால் தடுமாறும், சத்தம் காதைப் பிளக்கும். ஆனாலும் அலையைத் தொட வேண்டிய பாகம் வெறும் கான்கிரீட்தான், சுற்றுகிற பாகம் தண்ணீருக்கு மேலே. இந்த ஏற்பாட்டின் அழகு அதுதான்.

1980களின் தொடக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் அலைசக்திக்கென்று ஒரு குழு அமைந்தது. மத்திய அரசின் கடல் மேம்பாட்டுத் துறை பணம் கொடுத்தது. வி.எஸ். ராஜு, எம். ரவீந்திரன் ஆகிய பேராசிரியர்கள் அதில் முன்னின்றவர்கள். ரவீந்திரன்தான் பிற்பாடு, 1993இல் தொடங்கிய சென்னை தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநர். இடம் தேடியவர்கள் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே விழிஞ்ஞத்தைப் பிடித்தார்கள். வரலாறு படித்தவர்களுக்கு அந்தப் பேர் தெரிந்திருக்கும், ஆய் மன்னர்களின் பழைய துறைமுகம். தென்மேற்குப் பருவக்காற்றில் அங்கே அலை நன்றாக எழும். ஏற்கெனவே மீன்பிடித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவரும் இருந்தது.

ஏறக்குறைய 3,000 டன் கான்கிரீட் பெட்டியை மிதக்கவிட்டு இழுத்துப்போய், சுமார் 10 மீட்டர் ஆழத்தில், அந்தச் சுவருக்கு வெளியே கடலடியில் உட்கார வைத்தார்கள். 1991 அக்டோபரில் மின்சாரம் வந்தது. 150 கிலோவாட் திறன். உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அலை மின் நிலையங்களில் ஒன்று நம் தென்கோடியில் இருந்தது. வடிவமைத்தவர்கள் போட்ட கணக்கு, ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சராசரியாக 75 கிலோவாட், டிசம்பரிலிருந்து மார்ச் வரை 25 கிலோவாட்.

அந்தக் குழுவின் யோசனையில் என்னை நிறுத்தியது வேறொன்று. பெட்டி தனியாக நின்று மின்சாரம் மட்டும் எடுத்தால் கட்டுபடியாகாது என்று அவர்களுக்கு அப்போதே தெரியும். அதனால் இப்படிப்பட்ட பெட்டிகளை வரிசையாக அடுக்கினால் அதுவே துறைமுகத்துக்குத் தடுப்புச் சுவர் என்றார்கள். சுவர் எப்படியும் கட்டத்தான் வேண்டும். அந்தச் செலவை மீன்பிடித் துறைமுகம் ஏற்கும், மின்சாரம் மேல் வரும்படி. அலையின் பலத்தைப் பெட்டி உறிஞ்சிக்கொள்வதால் சுவருக்குப் பின்னால் தண்ணீர் அமைதியாக இருக்கும், படகுகள் நிம்மதியாக நிற்கும். கொல்லம் தங்கசேரியில் பத்துப் பெட்டிகளை அப்படி அடுக்குவதற்குத் திட்டமே போட்டார்கள். அது நடக்கவில்லை.

நான் அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கிறேன். கன்னியாகுமரிக்குப் பள்ளிச் சுற்றுலா கூட்டிப்போனபோது, கோவளம் போகிற வழியில் பஸ்ஸைத் திருப்பச் சொல்லி விழிஞ்ஞத்தில் இறக்கினேன். சாமுண்டி மாதிரி அலை வந்து மோதுகிறது, அது பாட்டுக்கு நிற்கிறது. பிள்ளைகளுக்கு அதில் துளிகூட ஆர்வமில்லை, மீன் நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நானும் பத்து நிமிஷத்தில் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கேள்வி கேட்டவன் அந்தச் சுற்றுலாவுக்கு வரவில்லை. அவன் வீட்டில் பணம் கட்ட முடியவில்லை.

மோட்டார் பட்டறை வைத்திருப்பவர்களுக்காக ஒரு விஷயம். விழிஞ்ஞத்தில் முதலில் மாட்டியது இண்டக்ஷன் ஜெனரேட்டர். நம் ஊர் மோட்டார் மாதிரியேதான். அதன் சின்க்ரோனஸ் ஸ்பீடுக்கு மேல் யாராவது சுற்றிவிட்டால் லைனுக்குக் கரண்ட் கொடுக்கும். வேகம் அதற்குக் கீழே இறங்கினால் லைனிலிருந்து கரண்ட்டை இழுத்துக்கொண்டு மோட்டாராக ஓடும். அலையோ ஏறி இறங்குவது. அலை சின்னதாக இருந்த நேரத்தில் மின் நிலையமே மின்சாரம் சாப்பிட்டது. இதைச் சொன்னதும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "நம்ம கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்போமே சார்" என்றான். அங்கிருந்தவர்களுக்கும் தெரியாமலில்லை, அதற்குத்தானே சோதனை. பிற்பாடு விசிறியை மாற்றினார்கள், ஜப்பானில் சாகா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வேறு வகை டர்பைனைச் சோதித்தார்கள். 2004இல் அந்த மின்சாரத்தை லைனுக்குக் கொடுக்காமல், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். நாளைக்கு 10,000 லிட்டர் அளவு. கடலலை தன் உப்பைத் தானே எடுத்துக்கொடுத்த மாதிரி. என்னைக் கேட்டால் அந்த இடத்தின் பெரிய சாதனை இதுதான். 2011 வாக்கில் நிலையம் மூடப்பட்டது.

வெளிநாட்டிலும் அலை சும்மா விடவில்லை. நார்வேயில் பெர்கன் நகருக்குப் பக்கத்தில் 1985இல் 500 கிலோவாட் நிலையம் ஒன்றைப் பாறையில் கட்டினார்கள். மேல்பாகம் இரும்பு. 1988 டிசம்பர் புயல் அதைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஸ்காட்லாந்தில் 1995இல் ஆஸ்ப்ரே என்ற நிலையத்தைக் கடலில் இறக்கினார்கள், வேலை முடிவதற்கு முன்பே அலை உடைத்துவிட்டது. உடைந்தவற்றில் பல, தனியாகப் போய் நின்று கடலோடு மல்லுக்கட்டியவை. ஜப்பானில் சகாட்டா துறைமுகத்தில் 1989இல் தடுப்புச் சுவருக்குள்ளேயே அறை வைத்தார்கள். ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரையில் முத்ரிகு என்ற சின்ன ஊரில், துறைமுகத்துக்குக் கட்டிய சுவருக்குள் 16 டர்பைன், மொத்தம் 296 கிலோவாட். கட்டும்போது புயலில் அடி வாங்கியது, ஆனாலும் 2011இல் ஓட ஆரம்பித்து ஓடிக்கொண்டிருந்தது. விழிஞ்ஞம் மூடிய அதே காலம், அதே யோசனை, இன்னொரு கரையில்.

எனக்கு இங்கே ஒரு மனத்தாங்கல் உண்டு, சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி முள்ளக்காட்டில் 1986இல் காற்றாலைகளைச் சோதனைக்கு நிறுத்தினார்கள். ஐந்து வருஷம் கழித்து விழிஞ்ஞம். ரெண்டும் அரசு செலவில் நடந்த சோதனைதான். காற்றாலையை நம் கொங்கு மில்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். வரிச்சலுகை இருந்தது, முப்பந்தலில் சுற்றுகிற காற்றாடியின் கரண்ட்டைக் கணக்குப் போட்டுக் கோயமுத்தூர் மில்லில் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு வந்தது. பிறகு பல்லடம், உடுமலை, கேத்தனூர் என்று நம் தோட்டத்துப் பக்கமே வந்துவிட்டது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல். அலைக்கு அப்படி ஒரு ஆள் கிடைக்கவில்லை. கடல் கஷ்டமானது என்பது நிஜம், உப்புக்காற்று எதையும் அரிக்கும், ரிப்பேருக்கு ஆளை இறக்குவதே பெரும்பாடு. ஆனால் கேட்பார் இல்லாததும் ஒரு காரணம். முதல் காற்றாடிகளிலும் எத்தனையோ நின்றுபோயின. மில்காரர்கள் விடாமல் ஆள் வைத்துப் பழுது பார்த்தார்கள்.

சரி, சோலாருக்கு வருவோம். தண்ணீரில் பலகை மிதக்கவிடுவது 2007இல் ஜப்பானில் தொடங்கியது. நமக்குப் பக்கத்தில் வயநாடு பாணாசுர சாகர் அணையில் 2017இல் 500 கிலோவாட் போட்டார்கள். 2022இல் தெலங்கானா ராமகுண்டத்தில் 100 மெகாவாட், காயங்குளம் காயலில் 92 மெகாவாட். அதே வருஷம் தூத்துக்குடியில் ஸ்பிக் உர ஆலையின் நீர்த்தேக்கத்தில் 22 மெகாவாட்டை முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். எல்லாமே அணை, காயல், குளம். அங்கேயே சில இடத்தில் காற்று விட்டுவைக்கவில்லை. 2019 செப்டம்பரில் ஜப்பானில் யமகுரா அணையில் ஃபாக்சாய் புயல் அடித்தபோது நங்கூரம் அறுந்து, பலகைகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பாய் சுருட்டினாற்போல ஏறி, தீப்பிடித்தும் எரிந்தன. மத்தியப் பிரதேசம் ஓம்காரேஸ்வரில் 2024 ஏப்ரல் கோடைக்காற்றிலும் சேதம் ஆனது. அணைத்தண்ணீருக்கே இந்தக் கதி.

கடலில் போட்டவர்கள் எங்கே போட்டார்கள் என்று பாருங்கள். சிங்கப்பூர்க்காரர்கள் 2021இல் ஜொகூர் நீரிணையில் 5 மெகாவாட் போட்டார்கள். ரெண்டு பக்கமும் கரை, அலை அதிகம் வராது. மாலத்தீவில் பவளப்பாறை வளையத்துக்குள் போட்டார்கள், பாறையே அலையை உடைத்துவிடுகிறது. நெதர்லாந்துக்காரர்கள்தான் 2019இல் துணிந்து வட கடலுக்குள் போனார்கள். மற்றபடி யாராவது அலையை மறித்துக் கொடுத்த இடத்தில்தான் பலகை நிற்கிறது. திறந்த கடலில் யார் மறிப்பது?

இப்போது ஆராய்ச்சி செய்கிறவர்கள் சொல்வது, மறிக்கிற சுவரையே மிதவையாகச் செய்து, அதற்குள் விழிஞ்ஞத்துப் பெட்டி மாதிரி அறை வைத்து மின்சாரமும் எடுக்கலாம், பின்னால் அமைதியான தண்ணீரில் சோலார் பலகை மிதக்கட்டும், ரெண்டுக்கும் ஒரே நங்கூரம், கரைக்கு ஒரே கேபிள். ஆனி, ஆடியில் மேற்குக் கரையில் மேகம் மூடினால் சோலார் படுத்துவிடும், அப்போதுதான் அலை ஓங்கி அடிக்கும். தை, மாசியில் அலை ஓய்ந்திருக்கும், வெயில் காயும். கேட்கவே ஜோராக இருக்கிறது.

ஆனால் என் மாணவனின் கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது. அலையின் ஆட்டம் மேல்தண்ணீரில் மட்டும் இல்லை, அலையின் நீளத்தில் பாதி ஆழம் வரைக்கும் இருக்கும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை வருகிற அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 39 மீட்டர். பத்து விநாடிக்கு ஒருமுறை வருகிற நெட்டலை சுமார் 156 மீட்டர். சின்ன அலையை மிதக்கும் சுவர் தடுத்துவிடும். நெட்டலை சுவருக்கு அடியில் புகுந்து, சுவரையும் தூக்கி, பின்னால் இருக்கிற பலகையையும் தூக்கிப்போடும். உயரம் ரெண்டு மடங்கானால் அலையின் சக்தி நாலு மடங்கு. இன்னொரு சிக்கல். புயலடிக்கும்போது டர்பைனைக் காப்பாற்ற அதை அடைத்துவிட வேண்டும். அதாவது பலகைக்குப் பாதுகாப்பு ரொம்பவும் தேவைப்படுகிற நாளில் அலையை உறிஞ்சுகிற வேலை நின்றுவிடும். அன்றைக்கு அது வெறும் சுவராக நின்று தாங்க வேண்டும். ஆகையால் முதலில் சுவர், அப்புறம்தான் மின்சாரம். மின்சாரக் கணக்கை முதலில் போட்டுச் சுவரை மெலிசாக்கினால் நார்வே கதைதான். கடலடியில் உட்கார்ந்த விழிஞ்ஞத்துப் பெட்டிக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அதை ஆழமில்லாத இடத்தில்தான் வைக்க முடியும்.

சென்னை ஐ.ஐ.டி. இதை விட்டுவிடவில்லை என்பது எனக்கு ஆறுதல். 2022 நவம்பரில் தூத்துக்குடிக்கு 6 கிலோமீட்டர் தள்ளி, 20 மீட்டர் ஆழத்தில் 'சிந்துஜா-1' என்ற மிதவையை இறக்கிச் சோதித்தார்கள். எடுத்த மின்சாரம் 100 வாட். நம் வீட்டுப் பழைய குண்டு பல்பு ஒன்று எரியும். சிரிக்காதீர்கள், மசூதாவும் விளக்கில்தான் ஆரம்பித்தார்.

கன்னியாகுமரி மாவட்ட மீனவ ஊர்களில் வருஷா வருஷம் தூண்டில் வளைவு கேட்டுப் போராட்டம் நடக்கிறது, செய்தியில் பார்க்கிறோம். வீடு கடலுக்குள் போகிறது, வள்ளம் கரையேற இடமில்லை. கல்லைக் கொட்டிச் சுவர் போட்டால் அடுத்த ஊர் மணலை அலை அரித்துக்கொண்டு போகிறது, புதுச்சேரி துறைமுகம் கட்டியபின் வடக்கே கரை காணாமல் போன மாதிரி. சோலார் பலகையை ஏக்கர் கணக்கில் விரித்தால் வலை போடுகிற இடமும் போகும். அவர்களைக் கேட்காமல் யாரும் கடலில் ஒரு பலகை போடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். படகு நிற்கிற அமைதியான தண்ணீரை முதலில் கொடுத்துவிட்டு மின்சாரம் பேசினால் ஒருவேளை காது கொடுப்பார்கள். விழிஞ்ஞத்துக்காரர்கள் அந்த வரிசையைச் சரியாகத்தான் பிடித்திருந்தார்கள்.

விழிஞ்ஞத்தில் இப்போது பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகம் வந்துவிட்டது. 2025 மே 2இல் பிரதமர் தொடங்கி வைத்தார். அதற்காகச் சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு அலைத்தடுப்புச் சுவர். கட்டிக்கொண்டிருக்கும்போதே 2017இல் ஒக்கிப் புயல் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போனது, மறுபடி கட்டினார்கள். கல்லும் கான்கிரீட் கட்டைகளும் கொட்டிய சுவர், அறை எதுவும் கிடையாது. பழைய பெட்டி உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே.

இதையெல்லாம் நேற்று பட்டறைக்கே போய் அவனிடம் சொன்னேன். காயில் சுற்றிக்கொண்டே கேட்டான். கடைசியில், "அப்ப நான் கேட்டது சரியான கேள்விதானுங்களா சார்?" என்றான். "சரியான கேள்விதான் கண்ணு. நான்தான் தப்பு" என்றேன். டீ வாங்கி வரச் சொல்லிப் பையனை அனுப்பினான்.

பள்ளி லீவில் அவன் பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு விழிஞ்ஞம் போவதாகப் பேச்சு. இந்தத் தடவை காரில் அவனுக்குத்தான் முன்சீட்டு. சிங்கப்பூரில் இருக்கிற நம் பிள்ளைகள் யாராவது உட்லண்ட்ஸ் பக்கம் போனால் அந்தக் கடல் பலகைகளை ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். தூத்துக்குடியில் ஸ்பிக் பக்கம் வேலை பார்க்கிறவர்கள், காற்றுக்காலத்தில் அந்தப் பலகைகள் எப்படி நிற்கின்றன என்று ரெண்டு வரி எழுதுங்கள்.